குளத்து நீரில் கூற்றைக் கண்டவர்

தெளிந்த நீரே தூய நீர் என மனிதர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். கலங்கல் இல்லை, தீநாற்றம் இல்லை, நாவில் கரிப்பு இல்லை என்றால் அந்நீரைக் குறை கூறுவார் எவருமிலர். வாந்திபேதி ஊருக்குள் புகுந்து, காலையில் நடமாடியவர் மாலையில் பிணமாகும் கொடுமை நேர்ந்தபோது காற்றைப் பழித்தனர். மண்ணிலிருந்து எழும் தீய ஆவியைப் பழித்தனர். கோள்களையும் தெய்வக் குற்றத்தையும் காரணமாகக் காட்டினர். முகந்து குடித்த நீரை ஐயுற்றவர் மிகச் சிலரே. அந்நோயை விளைக்கும் உயிரைப் பிணியாளர் குடலில் கண்டு, தனியே பிரித்து வளர்த்து, அதே உயிரை அம்மக்கள் குடித்த குளத்து நீரிலும் கண்டு காட்டியவர் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அவர் அக்குளத்தைக் கண்டது கல்கத்தா நகரின் புறத்தே, ஆண்டு 1884.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் வெள்ளியும் ஈயமும் தோண்டி எடுத்த சுரங்க ஊர் கிளவுஸ்தால். அவ்வூரில் 1843 டிசம்பர் 11 அன்று கோக் பிறந்தார். தந்தையார் சுரங்கத் துறை அலுவலர். பதின்மூன்று மக்களுள் ஒருவராகப் பிறந்த இவர், பள்ளிக்குச் செல்லுமுன்பே செய்தித்தாள்களைப் பார்த்துத் தாமே எழுத்தறிந்துகொண்டார் எனக் கூறுவர். கல், பாசி, பூச்சி ஆகியவற்றைத் திரட்டிச் சேர்ப்பதில் அவருக்கு இளமையிலேயே வேட்கை இருந்தது. சிறியவற்றைக் கூர்ந்து நோக்கும் அப்பழக்கமே பின்னாளில் அவர்தம் வாழ்க்கைத் தொழிலாயிற்று.

1862-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு உடற்கூற்றியல் கற்பித்த யாக்கோப் ஹென்லே, தொற்றுநோய்களை உயிருள்ள நுண்பொருள்களே விளைக்கின்றன என்று 1840-ஆம் ஆண்டிலேயே எழுதியவர். அக்கருத்து அறிவுக்குப் பொருத்தமாய்த் தோன்றினும், அதற்குச் சான்று இல்லை. அந்த உயிர்களைப் பிரித்துக் காட்டும் வழியையும் அன்று எவரும் அறியார். ஆசிரியர் கருத்தாக விட்டுச் சென்றதை மாணாக்கர் மெய்ப்பிக்கும் நிலை கோக்கின் வாழ்வில் நேர்ந்தது.

1866-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கோக், அவ்வாண்டே ஹம்பர்க் நகரப் பொது மருத்துவமனையில் துணை மருத்துவராய்ப் பணியாற்றினார். அப்போது அந்நகரில் வாந்திபேதி பரவியிருந்தது. வற்றிச் சுருங்கிய உடல்களையும் குழிந்த கண்களையும் இளமருத்துவர் ஒருவர் கையறு நிலையில் நின்று பார்த்த காலம் அது. தொலைநாடுகளுக்குச் செல்லவேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இருந்தது. எனினும் 1867-இல் எம்மி என்பாரை மணந்து சிற்றூர்களில் மருத்துவம் பார்க்கும் வாழ்வை மேற்கொண்டார். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

திரைச்சீலைக்குப் பின்னால்

பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே 1870-இல் மூண்ட போரில் தாமே முன்வந்து மருத்துவப் பணி ஆற்றிய கோக், 1872-இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூருக்கு மாவட்ட மருத்துவராய் வந்தார். இன்று போலந்து நாட்டில் உள்ள அவ்வூரில் ஆய்வுக்கூடமும் இல்லை, நூலகமும் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையில் ஒரு திரைச்சீலையைக் கட்டி, அதன் பின்னால் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பணி செய்தார். பகலில் ஊராரின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து; எஞ்சிய பொழுதில் ஆய்வு.

அப்பகுதியில் ஆடுமாடுகளைக் கொன்ற அடைப்பான் நோயே அவர் எடுத்துக்கொண்ட முதற்பொருள். நோயுற்ற விலங்கின் குருதியில் கோல் போன்ற நுண்ணுருக்கள் இருப்பதை அவருக்கு முன்னரே சிலர் கண்டிருந்தனர். அவை நோயின் காரணமா, நோயால் விளைந்த கழிவா என்பதே வழக்கு. கோக் அவற்றை எலிகளில் செலுத்தினார். எருதின் கண்ணிலிருந்து எடுத்த நீர்மத்தில் உடலுக்குப் புறத்தே வளர்த்தார். கோல்கள் நீண்டு இழையாவதையும், இழைக்குள் மணிகோத்தாற்போல் விதைகள் தோன்றுவதையும், விதை மீண்டும் கோலாவதையும் தொடர்ந்து கண்டார். நோயால் இறந்த மாட்டைப் புதைத்த மேய்ச்சல் நிலம் ஆண்டுகள் பல கழிந்தும் ஏன் கொல்கிறது என்னும் புதிருக்கு, மண்ணில் உறங்கும் அவ்விதையே விடையாயிற்று.

1876-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர் பெர்டினாண்ட் கோனிடம் தம் ஆய்வை நேரிற் செய்து காட்டினார். பெயரறியாச் சிற்றூர் மருத்துவரின் செய்ம்முறையில் பிழை காண அங்கிருந்த பேரறிஞர்களால் இயலவில்லை. அவ்வாண்டே கோன் தம் இதழில் அதனை வெளியிட்டார்.

பிரித்தறியும் கலை

1880-இல் பெர்லினிலிருந்த பேரரசு நலவாழ்வு அலுவலகம் கோக்கை அழைத்துக்கொண்டது. அங்குதான் பின்னாளில் நீரை ஆராய உதவிய முறை உருவாயிற்று. ஒரு துளி நீரிலோ சளியிலோ பலவகை நுண்ணுயிர்கள் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். அவற்றைச் சாற்றில் இட்டு வளர்த்தால், திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது போன்ற நிலையே ஏற்படும். வலியது பெருகி மெலியதை மறைத்துவிடும். ஆய்பவர் எதனைக் கண்டார் என்பதை அவரே அறியார்.

அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தில் காற்றுப்பட வைத்தால், ஒன்றோடொன்று கலவாத வண்ணப்புள்ளிகள் தோன்றுவதைக் கோக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே உயிரின் வழிமுறையில் வந்த குலம். கெட்டியான பரப்பில் விழுந்த உயிர் நகர இயலாமல் விழுந்த இடத்திலேயே பெருகுகிறது என்னும் எளிய உண்மையை அவர் பற்றிக்கொண்டார். கிழங்கைவிடச் சிறந்த பரப்பைத் தேடி, சாற்றுடன் ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தகட்டில் பரப்பினார். 1881-இல் இலண்டனில் கூடிய மருத்துவ மாநாட்டில் இம்முறையைச் செய்துகாட்டியபோது, லூயி பாஸ்டரும் அதனைப் பாராட்டினார். ஜெலட்டின் வெப்பத்தில் உருகிவிடும் குறைக்கு, ஆய்வாளர் ஒருவரின் மனைவியான ஃபானி ஹெஸ்ஸே தம் சமையலறையில் கையாண்ட அகர் என்னும் கடற்பாசிப் பசையைப் பரிந்துரைத்தார். கீழைத்தீவுகளின் அப்பசை, உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றளவும் நிலைத்துவிட்டது.

இம்முயற்சிகளின் பயனாக 1882 மார்ச் 24 அன்று, காசநோயை விளைக்கும் நுண்ணுயிரைத் தாம் கண்டதைப் பெர்லின் உடலியங்கியல் கழகத்தில் கோக் அறிவித்தார். அன்றைய ஐரோப்பாவில் ஏழு சாவுகளுள் ஒன்று காசநோயால் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அவ்வோர் உரையால் அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று.

எகிப்தில் நேர்ந்தது

1883-ஆம் ஆண்டு எகிப்தில் வாந்திபேதி வெடித்தது. சூயஸ் கால்வாய் திறந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிழக்கின் நோய் கப்பலேறி ஐரோப்பாவை எட்டும் என்ற அச்சம் எங்கும் எழுந்தது. ஜெர்மனி கோக்கின் தலைமையிலும், பிரான்சு பாஸ்டரின் மாணாக்கரைக் கொண்டும் ஆய்வுக்குழுக்களை அனுப்பின. ஆகஸ்டு 24 அன்று ஜெர்மானியக் குழு அலெக்சாந்திரியாவில் இறங்கியது.

இறந்தோர் குடற்சுவரில் ஒருவகைக் கோலுயிர் மிகுந்திருப்பதைக் கோக் கண்டார். பிற நோயால் இறந்தோரிடத்து அது காணப்படவில்லை. ஓராண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து வரவழைத்த குடற்பகுதிகளிலும் அதுபோன்றதைக் கண்ட நினைவு அவருக்கு வந்தது. ஆயினும் அதனைத் தனியே பிரித்து வளர்க்குமுன் அலெக்சாந்திரியாவில் நோய் தணிந்துவிட்டது. ஆய்வுக்குப் பிணமும் கிட்டவில்லை.

இதனிடையே பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த லூயி துயில்லியே என்னும் 27 வயது இளைஞர், ஆராய வந்த அதே நோய்க்குச் செப்டம்பரில் இரையானார். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே போரின் கசப்பு ஆறாத காலம். கோக்குக்கும் பாஸ்டருக்கும் இடையே அறிவுப்பூசல் மூண்டிருந்த காலம். ஆயினும் கோக் அவ்விளைஞரின் இறுதிச் சடங்குக்கு வந்து மலர்வளையம் வைத்து, சவப்பெட்டியைச் சுமந்தோருள் ஒருவராயும் நின்றார். செருக்குடையவர் எனப் பெயரெடுத்த அவர்தம் வாழ்வில் இந்நிகழ்ச்சி தனித்து நினைக்கத்தக்கது.

நோய் தணிந்ததும் நாடு திரும்பியிருக்கலாம். கோக் அவ்வாறு செய்யவில்லை. நோயின் தாயகமாகிய வங்கத்துக்கே செல்ல அரசின் இசைவைப் பெற்றார்.

கல்கத்தாவில் ஒரு குளம்

1883 டிசம்பர் 11 அன்று, தம் நாற்பதாம் பிறந்தநாளில், கோக் கல்கத்தாவை அடைந்தார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இடம் பெற்று, காப்கி, பிஷர் ஆகிய துணைவருடன் பணி தொடங்கினார். 1884 சனவரி முதல் வாரம் முடிவதற்குள் அந்நுண்ணுயிரைப் பிறவற்றினின்றும் பிரித்துத் தனியே வளர்த்துவிட்டார். ஜெலட்டின் தகட்டில் அதன் குலம் உடைந்த கண்ணாடித் துகளைத் தூவினாற்போல் மின்னியது. சுற்றியுள்ள பசையை மெல்லக் கரைத்துப் பள்ளமாக்கிற்று. பிப்ரவரியில் எழுதிய அறிக்கையில், அவ்வுயிர் ஏனைய கோலுயிர்கள் போல் நேராக இல்லை. கால்புள்ளி போல் சற்றே வளைந்துள்ளது எனக் குறித்தார்.

அப்பெயர் நிலைத்துவிட்டது. எழுத்தறிந்தோர் அனைவரும் அறிந்த ஒரு சிறு குறியின் வடிவில் கூற்று இருக்கிறது என்னும் செய்தி, நுண்ணோக்கியையே கண்டிராத மக்களின் மனத்திலும் பதிந்தது. தமிழ் ஏட்டுச் சுவடிகளில் இல்லாது அச்சுக்கலையோடு வந்த அக்குறி, வாசகத்தில் மூச்சுக்கு இடம் தருவது. அக்குறியின் உருவுடைய உயிரோ மூச்சை முடித்துவைப்பது. அறிவியலில் உவமையின் பயன் எத்தகையது என்பதற்கு இப்பெயரீடு ஒரு சான்று. புதிதாய்க் கண்ட பொருளைப் பிறரும் அடையாளம் காணவேண்டுமாயின், அறிந்த பொருளொன்றன் சாயலை அதற்குத் தரவேண்டியுள்ளது.

பிணியாளர் குடலில் கண்டால் மட்டும் போதாது. அது குடலுக்குள் எவ்வழி வந்தது என்பதே நோயைத் தடுக்க விழைவோர் அறியவேண்டுவது. இதற்கு விடை கல்கத்தாவின் புறநகராகிய பெலியகாட்டாவில் கிடைத்தது. அங்கு சாகிப் பாகான் என்னும் குடியிருப்பில், ஒரு குளத்தைச் சுற்றிக் குடிசைகளில் சில நூற்றுவர் வாழ்ந்தனர். குளிப்பதும், துணி துவைப்பதும், பாத்திரம் கழுவுவதும், குடிக்க முகப்பதும் அக்குளத்திலேயே. குடிசைகளின் கழிவும் அதிலேயே சென்று சேர்ந்தது. அக்குளக்கரையில் அடுத்தடுத்து 17 பேர் வாந்திபேதியால் மாண்டனர். முதலில் நோயுற்றவரின் அழுக்குத் துணிகள் அக்குளத்தில் அலசப்பட்டதாகத் தெரியவந்தது.

கோக் அந்நீரை எடுத்துத் தகட்டில் பரப்பினார். மருத்துவமனைப் பிணங்களில் கண்ட அதே வளைந்த உயிர், அதே கண்ணாடித் துகள் போன்ற குலமாக எழுந்தது. நோய் முற்றியிருந்த நாள்களில் எடுத்த நீரில் அது மிகுதியாய் இருந்தது. நோய் தணிந்தபின் எடுத்த நீரில் அருகிவிட்டது. ஈரத் துணியில் அது விரைந்து பெருகுவதையும், உலர்ந்தால் மடிவதையும், புளிப்பு நீர்மத்தில் தாங்காதிருப்பதையும் ஆய்ந்து கண்டார். காற்றில் பறந்து செல்லும் தூசியாக அந்நோய் பரவாது என்பதற்கு, உலர்ந்தால் மடியும் அவ்வியல்பே சான்றாயிற்று. கல்கத்தாவில் 1870-ஆம் ஆண்டையொட்டி வடிகட்டிய குழாய்நீர் வந்தபின், அந்நீர் பெற்ற பகுதிகளில் சாவு குறைந்திருந்த உண்மையையும் அவர் இதனோடு இயைத்துக் காட்டினார்.

குளத்து நீர் ஒவ்வொரு நாளும் அம்மக்கள் கண்ணெதிரே இருந்தது. அதில் இறங்கினர், அதில் முகம் கழுவினர், பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். அவர்களுக்கு வேறு நீர் இல்லை. பதினேழு உயிர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. புகழ்பெற்ற அக்கண்டுபிடிப்பின் அடியில், பெயர் அறியப்படாத அவ்வேழைகளின் சாவும் கிடக்கிறது.

ஏற்பும் மறுப்பும்

வெயில் ஏறியதும் பணியைத் தொடர இயலாமல் குழு புறப்பட்டது. 1884 மே மாதம் பெர்லினில் கோக்குக்கு வெற்றி வீரர்க்குரிய வரவேற்பு கிடைத்தது. அரசு அவருக்கும் துணைவர்க்கும் ஓர் இலட்சம் மார்க் பரிசளித்தது.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. ஓர் உயிர்தான் ஒரு நோய்க்குக் காரணம் எனக் கூற, நோயுற்ற உடலில் அதனைக் காணவேண்டும். தனியே பிரித்து வளர்க்கவேண்டும். வளர்த்ததைச் செலுத்தினால் விலங்கிடத்து அதே நோய் தோன்றவேண்டும். இவை கோக்கின் பெயராலேயே வழங்கும் நெறிகள். அவற்றுள் மூன்றாவதை வாந்திபேதிக்கு அவரால் நிறைவேற்ற இயலவில்லை. எந்த விலங்குக்கும் அந்நோய் இயல்பாக வருவதில்லை. தாம் வகுத்த இலக்கணத்துக்குத் தம் கண்டுபிடிப்பே முற்றும் அடங்காத நிலை அவருக்கு நேர்ந்தது.

ஆங்கில அரசு 1884-இல் இமானுவேல் கிளைன் என்பாரையும் அவர்தம் துணைவரையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது. பல குடும்பங்கள் பயன்படுத்திய ஒரு குளத்தில் அதே வளைந்த உயிர் இருப்பதையும், ஆனால் அக்குளக்கரையில் வாந்திபேதி இல்லாமையையும் அவர்கள் கண்டு, கோக்கின் முடிபை மறுத்தனர். நோய் ஆள்வழி, நீர்வழிப் பரவுகிறது என்றால் கப்பல்களைத் தடுத்து வைக்கவேண்டும், வாணிகம் தடைப்படும். மறுப்பின் பின்னே அரசியல் இருந்தது உண்மையே. எனினும் அவர்கள் கண்ட காட்சி பொய்யன்று. அதன் விளக்கம் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆயின. நீர்நிலைகளில் வாழும் இவ்வினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரிவுகள் உண்டென்றும், பெருவாரியாக நோய் பரப்புவன அவற்றுள் இரண்டே என்றும் பின்னர் அறியப்பட்டது. நுண்ணோக்கியில் கொல்வதும் கொல்லாததும் ஒரே கால்புள்ளியாகவே தோன்றும்.

மறுத்தோருள் தலையாயவர் மியூனிக் நகரத்து மாக்ஸ் பெட்டன்கோஃபர். நகரத் தூய்மைக்குப் பெரும்பணி ஆற்றிய அப்பெரியவர், நுண்ணுயிர் மட்டும் நோய் தராது. மண்ணின் நிலையும் கூடவேண்டும் என உறுதியாய் நம்பினார். 1892 அக்டோபர் 7 அன்று, தம் 73-ஆம் வயதில், வயிற்றுப் புளிப்பைப் போக்கும் உப்பைச் சேர்த்து அந்நுண்ணுயிர் வளர்ந்த சாற்றை அருந்தினார். சிறு வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டார். தம் கொள்கை வென்றதாகக் கருதினார். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஹம்பர்க் நகரம் தீர்ப்பு வழங்கியிருந்தது.

ஹம்பர்க் தந்த சான்று

1892 ஆகஸ்டில் ஹம்பர்க்கில் வாந்திபேதி பரவி ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இளமருத்துவராய்க் கண்ட நகருக்கு, அரசின் அறிவுரையாளராய்க் கோக் மீண்டும் வந்தார். ஹம்பர்க்கை ஒட்டியே ஆல்ட்டோனா என்னும் நகரம் இருந்தது. இரண்டுக்கும் மண் ஒன்று, காற்று ஒன்று, எல்பே ஆறும் ஒன்று. ஹம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமல் அளித்தது. ஆல்ட்டோனாவோ, ஹம்பர்க்கின் கழிவும் கலந்து கீழே ஓடிவந்த நீரையே எடுத்தது. ஆனால் மணற்படுகையில் மெல்ல வடித்து அளித்தது. நோய் ஹம்பர்க்கின் எல்லை வரை வந்து நின்றது. இரு நகரங்களும் தொடும் தெருவில் ஹம்பர்க் நீர் குடித்த பக்கத்தில் நோய். ஆல்ட்டோனா நீர் குடித்த பக்கத்தில் நோயில்லை.

மணலின் மேற்பரப்பில் படியும் வழவழப்பான மெல்லிய படலமே நுண்ணுயிரைத் தடுக்கிறது. அதனைக் கலைத்தால் காப்பும் குலைகிறது. இதனை உணர்ந்த கோக், வடித்த நீரை நாள்தோறும் தகட்டில் பரப்பி எண்ணவேண்டும் என்றும், ஒரு மில்லிலிட்டரில் நூறு நுண்ணுயிருக்கு மேல் இருத்தலாகாது என்றும் வரையறுத்தார். நீரைக் கண்ணாலும் நாவாலும் மதிப்பிட்ட காலம் அதனோடு முடிந்தது. எண்ணி மதிப்பிடும் காலம் தொடங்கிற்று.

புகழின் நிழல்

கோக்கின் வாழ்வு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 1890-இல் காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். உலகெங்குமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு வந்து குவிந்தனர். டியூபர்குலின் என்னும் அம்மருந்தின் ஆக்கத்தை முதலில் அவர் மறைத்து வைத்தார். ஓராண்டு கழியுமுன்பே அது நோயைப் போக்கவில்லை என்பதும், சிலர் அதனால் மேலும் நலிந்து மாண்டனர் என்பதும் வெளிப்பட்டன. சான்றின்றி எதனையும் ஏற்காத ஒருவர், தம் விருப்பத்தையே சான்றாகக் கொண்ட தருணம் அது. நோயுண்டா என அறியும் சோதனையாக மட்டும் அம்மருந்து பின்னர் எஞ்சியது.

1893-இல் எம்மியுடனான மணவாழ்வு முறிந்தது. ஹெட்விக் என்னும் இளநங்கையை அவர் மணந்தார். மாட்டு வெக்கை நோயை ஆராயத் தென்னாப்பிரிக்காவுக்கும், கொள்ளை நோயை ஆராய 1897-இல் பம்பாய்க்கும், மலேரியாவுக்காக நியூகினித் தீவுக்கும் சென்றார். இளமையில் கைவிட்ட கடற்பயணக் கனவு முதுமையில் நிறைவேறிற்று. 1906-07 ஆண்டுகளில் விக்டோரியா ஏரித் தீவுகளில் உறக்க நோய்க்காக அவர் அளித்த ஆர்சனிக் மருந்தின் கடுமையால், ஆப்பிரிக்க நோயாளிகள் சிலர் கண்பார்வை இழந்தனர். அவர்தம் வரலாற்றை எழுதுவோர் இதனையும் எழுதவேண்டும்.

1905-இல் காசநோய் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27 அன்று பாடன்-பாடன் நகரில் 66-ஆம் வயதில் காலமானார். பெர்லினில் அவர் பெயர் தாங்கிய ஆய்வு நிலையத்திலேயே அவர்தம் சாம்பல் வைக்கப்பட்டுள்ளது.

பெயர் யாருடையது

இவ்வரலாற்றில் இன்னொருவரும் உளர். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராயிருந்த பிலிப்போ பச்சீனி, 1854-ஆம் ஆண்டிலேயே வாந்திபேதியால் இறந்தோர் குடலில் அவ்வுயிரைக் கண்டு, அதற்கு விப்ரியோ எனப் பெயரிட்டு, அதுவே நோயின் காரணம் என எழுதினார். அவ்வாண்டில்தான் இலண்டனில் ஜான் ஸ்நோ, ஒரு தெருக் குழாயின் நீரே நோயைப் பரப்பியது எனக் காட்டினார். ஒருவர் உயிரைக் கண்டார். மற்றவர் வழியைக் கண்டார். இரண்டையும் இணைப்பார் அன்று இலர். பச்சீனி மீண்டும் மீண்டும் எழுதினார். கேட்பாரில்லை. 1883 சூலையில், கோக் எகிப்துக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், வறுமையில் அவர் மறைந்தார்.

1965-இல் அனைத்துலகப் பெயரீட்டுக் குழு, அவ்வுயிரின் முறையான பெயரில் பச்சீனியின் பெயரையும் 1854 என்னும் ஆண்டையும் சேர்த்தது. முதலில் கண்டவருக்குப் பெயர் சென்றது. அதுவே காரணம் என உலகை ஏற்கச் செய்தவருக்குப் புகழ் நின்றது. கோக் பச்சீனியின் உரிமையைக் கவர்ந்தார் என்பது பொருந்தாது. தனியே பிரித்தலும், வளர்த்தலும், நீரில் கண்டு ஒப்பிடுதலும் பச்சீனிக்கு எட்டாத கருவிகளால் நடந்தவை. ஆயினும் முப்பது ஆண்டுகள் ஓர் உண்மை அச்சில் இருந்தும் படிப்பாரின்றிக் கிடந்தது என்பது, எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

குளத்தின் எஞ்சிய கதை

கோக்கால் நிறைவேறாத மூன்றாம் நெறியைக் கல்கத்தாவிலேயே சம்புநாத் தே என்னும் வங்க மருத்துவ அறிஞர் நிறைவேற்றினார். முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, அதனுள் அவ்வுயிரைச் செலுத்தி நீர் சுரப்பதை 1953-இல் காட்டினார். 1959-இல், உயிரை வடித்து நீக்கிய சாறும் அவ்வாறே சுரக்கச் செய்வதைக் கண்டு, கொல்வது அவ்வுயிர் உமிழும் நஞ்சே என நிறுவினார். நஞ்சுடையதும் நஞ்சற்றதும் ஒரே குளத்தில் வாழக்கூடும் என்னும் புதிர் அவிழ இது வழிசெய்தது. கோக்கின் அறிக்கைக்கும் தேயின் கட்டுரைக்கும் இடைப்பட்ட காலம் 75 ஆண்டுகள்.

அமெரிக்க அறிஞர் ரீட்டா கோல்வெல்லும் அவர் குழுவினரும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளால், அவ்வுயிர் மனிதர் கழிவால் மட்டும் நீரில் சேர்வதன்று. உவர்நீரே அதன் இயற்கை இல்லம். நுண்ணிய நீர்வாழ் உயிரிகளின் உடலில் ஒட்டி அது காலங்கடத்துகிறது என்று அறியப்பட்டது. ஊட்டமில்லாக் காலத்தில் உயிரோடிருந்தும் தகட்டில் வளராத நிலைக்கு அது செல்லும் என்பதையும் அவர்கள் காட்டினர். பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாய் மடித்து வடித்தாலே நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைவது, வங்காளதேசச் சிற்றூர்களில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது.

1992-இன் இறுதியில் சென்னையில் தோன்றிய வாந்திபேதியில், அதுகாறும் அறியப்படாத ஒரு புதிய பிரிவு அடையாளம் காணப்பட்டது. மதுரை, வேலூர் ஆகிய ஊர்களிலும், பின்னர் வங்கத்திலும் பரவிய அதற்கு 139 என்னும் எண் வழங்கப்பட்டது. பெருவாரி நோய் தரும் இரண்டு பிரிவுகளுள் இது இரண்டாவது. பழைய பிரிவால் நோயுற்றுத் தேறியோர்க்கும் இப்புதியதனிடமிருந்து காப்பு இல்லாமற் போயிற்று.

கோக்கின் பெருமை எல்லாவற்றையும் அவரே கண்டார் என்பதில் இல்லை. உயிருக்குப் பெயரிட்டவர் பச்சீனி; நஞ்சைக் கண்டவர் தே; அது வாழும் இல்லத்தைக் கண்டவர்கள் பின்வந்தோர். ஒரு குடம் நீரில் இருப்பது இன்ன உயிர் என ஐயமின்றிப் பிரித்துக் காட்டவும், அவ்வுயிரைப் பிணியாளர் உடலோடு ஒப்பிடவும், பிறர் சென்று மீண்டும் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழியை வகுத்தவர் கோக். அவ்வழியில்தான் அவரை மறுத்தவர்களும் நடந்தனர். அவரைத் திருத்தியவர்களும் நடந்தனர். பெலியகாட்டாக் குளத்தின் ஏழைகளுக்கு அவர் கண்டது பயன்படவில்லை. அவர்களுக்குப் பின் குழாயடியில் குடம் ஏந்தி நின்ற கோடிக்கணக்கானோர்க்குப் பயன்பட்டது.